அம்மா பொய் சொல்லல, வயிறுதான் வேலை செய்யல

ரெண்டு வாய் சாப்பிட்டதுமே "போதும்டா, வயிறு ரொம்பிருச்சு"ன்னு அம்மா தட்டை தள்ளி வச்சிடுவாங்க. சுகர் வந்து 20 வருஷமாச்சு, இன்சுலின் போடறாங்க. சாப்பிட்டு ஒரு மணி நேரத்துல கை நடுங்கி வேர்த்து கொட்டும், செக் பண்ணா 58, அதே நாள் ராத்திரி ஒண்ணுமே சாப்பிடாதப்ப 290. திருட்டுத்தனமா ஏதோ சாப்பிடறாங்கன்னு நாங்க எல்லாரும் அவங்க மேலதான் பழி போட்டோம், நான் கத்தியே இருக்கேன். "சத்தியமா இல்லடா"ன்னு அவங்க சொன்னது இப்பவும் நெஞ்சை அறுக்குது.

ஒருநாள் நடுராத்திரி வாந்தி. துடைக்கும்போது பாத்தா மதியம் சாப்பிட்ட கேரட் துண்டு, கத்தி பட்ட ஓரம் கூட மழுங்கல, அப்படியே கிடக்கு. பத்து மணி நேரம் கழிச்சு! அதுவரைக்கும் கேஸ் மாத்திரையே எழுதிட்டிருந்த டாக்டர் இதை கேட்டதும்தான் டெஸ்ட்டுக்கு அனுப்பினார். எண்டோஸ்கோப்பில அடைப்பு எதுவும் இல்ல. அப்புறம் கொஞ்சூண்டு கதிரியக்க மருந்து கலந்த சாப்பாட்டை குடுத்து 4 மணி நேரம் வரைக்கும் விட்டு விட்டு ஸ்கேன் எடுத்தாங்க, 4 மணி நேரம் கழிச்சும் 10 சதவீதத்துக்கு மேல வயித்துல தங்கியிருந்தா கோளாறுன்னு கணக்கு, அம்மாவுக்கு பாதிகிட்ட அங்கயே இருந்துச்சு. கேஸ்ட்ரோபரேசிஸ்னு சொன்னாங்க, அதாவது அடைப்பு இல்லாமலே இரைப்பை சாப்பாட்டை கீழ தள்ளாம மந்தமாயிடறது.

இரைப்பையை அசைய வைக்கற முக்கியமான நரம்பு வேகஸ். வருஷக்கணக்கா சுகர் ஏறியே இருந்தா பாதம் மரத்துப் போற மாதிரி இதுவும் கெட்டுப்போகுது. போட்ட இன்சுலின் டயத்துக்கு வேலை செய்யுது ஆனா சாப்பாடு குடலுக்கே இறங்கல, அதான் லோ ஆகுது, இன்சுலின் வேகம் அடங்கின பிறகு சாப்பாடு மெல்ல இறங்கவும் சுகர் எகிறிடுது. சுகர் எகிறினா வயிறு இன்னும் மந்தமாயிடும், ஒண்ணை ஒண்ணு இழுத்துட்டே போகுது.

சுகர்காரங்களுக்கு பச்சைக் காய், நார்ச்சத்து நல்லதுன்னு நானே தட்டு நிறைய வச்சேன், இந்த பிரச்சனை இருக்கறவங்களுக்கு அதுதான் வயித்துலயே தேங்கி நிக்குமாம். இப்ப நல்லா வேகவச்சு மசிச்சு, எண்ணெய் கம்மியா, கொஞ்சம் கொஞ்சமா ஆறு வேளை. சாப்பிட்டதும் படுக்க விடறதில்ல. சாப்பாட்டுக்கு முன்னாடி வயித்தை அசைய வைக்கற டாம்பெரிடோன் மாத்திரை, இன்சுலின் போடற நேரத்தையும் டாக்டர் மாத்திட்டார் (இதை நீங்களா மாத்தாதீங்க ப்ளீஸ்). சுகருக்கும் எடை குறைக்கவும் செமாக்ளூடைட் மாதிரி ஊசி போடறவங்களும் டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லிடுங்க, அதுவும் வயித்தை மெதுவாக்கும்.

வீட்டுல யாருக்காவது சுகர் இப்படி காரணமே இல்லாம ஏறி இறங்குச்சுன்னா அவங்களை திட்டாதீங்க. எத்தனை மணிக்கு சாப்பிட்டாங்க, எப்ப வாந்தி, அப்ப ரீடிங் எவ்வளவுன்னு ஒரு வாரம் எழுதி டாக்டர்கிட்ட காட்டுங்க. அம்மா நோட்டை இப்ப நான்தான் எழுதறேன், நேத்து ராத்திரி 142, வாந்தி இல்ல.