பசங்களுக்குப் பயிற்சி சரி, பெரியவர்களுக்கு யார் கொடுப்பது?

ஏரிக் குழுவோ நூலகக் குழுவோ, "இளைஞர்களையும் சேர்த்துக்கிட்டு வேலை செய்யலாம்னு இருக்கோம்" என்று முடிவெடுத்தவுடனே அடுத்ததாக வருவது பசங்களுக்கு ஒரு பயிற்சி. மேடைப் பேச்சு, தலைமைப் பண்பு, தன்னம்பிக்கை. பெரியவர்களுக்கு எதுவும் தேவையில்லை, அவர்கள் ஏற்கெனவே தயாராகத்தான் இருக்கிறார்கள் என்று ஒரு நினைப்பு. சேலத்துப் பசங்களுக்குப் பேசத் தெரியாது என்று நினைப்பவர்கள் புது பஸ் ஸ்டாண்டில் சாயங்காலம் கொஞ்ச நேரம் நின்று பார்க்கலாம். கூட்டத்தில் அவர்கள் வாயைத் திறக்காததற்குக் காரணம், பேசி எதுவும் மாறியதாக அவர்கள் பார்த்ததில்லை.

ரோஜர் ஹார்ட் என்பவர் 1992-இல் யுனிசெஃப்புக்காக எழுதியபோது, பிள்ளைகளின் பங்கேற்பை 8 படி உள்ள ஏணியாகப் போட்டுக் காட்டினார். கீழே உள்ள 3 படிகள் பங்கேற்பே இல்லை என்பது அவர் கணக்கு. பிள்ளைகளைப் பகடைக்காயாக்குவது, அலங்காரத்துக்கு நிறுத்துவது, பேருக்கு ஒருவரை உட்கார வைப்பது. அலங்காரப் படியைப் பார்க்க நாம் ரொம்ப தூரம் போக வேண்டாம், ஏதாவது ஒரு விழிப்புணர்வு ஊர்வலம் போதும். 'பிளாஸ்டிக்கை ஒழிப்போம்' அட்டையை எழுதுவது பெரியவர்கள், வெயிலில் தூக்கிக்கொண்டு நடப்பது பிள்ளைகள். ஏற்காட்டிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு, பகோடா பாயிண்டில் எந்த மூலையில் குப்பை சேரும், சீசனில் எந்தக் கிழமை தொட்டி நிரம்பி வழியும் என்று அத்துபடி. அதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

அந்த ஏணியில் எனக்குப் பிடித்த இடம் உச்சிப் படி. பசங்களே தனியாக எல்லாவற்றையும் நடத்துவது அங்கே இல்லை, அது ஏழாவது படிதான். எட்டாவதில் யோசனை பசங்களுடையது, முடிவு பெரியவர்களோடு சேர்ந்து எடுப்பது. இதில் சிலருக்குச் சண்டையே உண்டு, பசங்க தனியாகச் செய்வதல்லவா உயர்ந்தது என்பார்கள். எனக்கு ஹார்ட் பக்கம்தான். தனியாகச் செய்வது ஒரு வகையில் சுலபம். ஐம்பது வயசுக்காரரை வைத்துக்கொண்டு செய்வது கஷ்டம், அதற்குத்தான் பயிற்சியே வேண்டும்.

நான் நடத்தும் பயிற்சியில் முதல் ஒரு மணி நேரம் இரண்டு தரப்பும் தனித்தனியாக உட்காரும். மற்றவர்களிடம் எது எரிச்சல் என்று பேர் போடாமல் சீட்டில் எழுத வேண்டும். பெரியவர்கள் எழுதுவது வழக்கமானதுதான், நேரத்துக்கு வருவதில்லை, போனை விடுவதில்லை. பசங்க எழுதுவதைப் படிக்கும்போது அறை அமைதியாகிவிடும். "நாற்காலி போடவும் போஸ்டர் பண்ணவும் மட்டும் கூப்பிடறீங்க." "நான் சொன்னதையே பக்கத்து அண்ணன் சொன்னா தலையாட்டறீங்க." அப்புறம் எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்து நிஜமான ஒரு விஷயத்தைப் பேச விட்டு, ஓரமாக ஒருவர் கடிகாரத்தோடு யார் எவ்வளவு நேரம் பேசினார் என்று குறித்துக்கொள்வார். குறித்ததைப் பலகையில் எழுதியதும் அதற்கு மேல் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது. அடுத்த சுற்றில் கூட்டத்துக்குத் தலைமை ஒரு பதினேழு வயசுப் பெண், தீர்மான நோட்டு எழுதுவது அந்த அதிகம் பேசிய பெரியவர். எழுதுகிற கைக்குப் பேச நேரம் கிடைக்காது, வேறு ரகசியம் ஒன்றுமில்லை.

யாராவது "சின்னப் பசங்களுக்கு என்ன தெரியும்" என்று ஆரம்பித்தால் நான் ஓட்டுரிமை பற்றிக் கேட்பேன். 61-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1989-இல் நடைமுறைக்கு வரும் வரை இந்த நாட்டில் ஓட்டுப் போட 21 வயசு ஆக வேண்டும். இன்றைக்கு அறுபதைத் தொட்டிருப்பவர்கள் 18 வயசில் ஓட்டில்லாமல் இருந்தவர்கள்தான். தறியில் உட்கார்ந்து குடும்பத்துக்குச் சம்பாதித்துக்கொண்டிருந்தவர்களையும் விவரம் போதாது என்று ஒதுக்கி வைத்த காலம் அது. இதைச் சொன்னதும் அவர்களே பழைய கதையை எடுப்பார்கள், யார் தன்னைப் பேச விடவில்லை என்று.

அப்புறம் நேரம். வார நாளில் காலை 11 மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு, பசங்க வரவில்லை என்று குறைப்படுவதைப் பார்த்திருக்கிறேன். நாகலூர் பக்கத்திலிருந்து வரும் பெண்ணுக்குக் கடைசி பஸ்தான் கணக்கு, அதற்கு முன்னால் கூட்டம் முடியவில்லை என்றால் அடுத்த தடவை வீட்டில் விட மாட்டார்கள். இன்னொன்று, எந்தக் குழுவிலும் ஒரே ஒரு இளைஞரைப் போடாதீர்கள். குறைந்தது இரண்டு பேர். தனியாக இருப்பவர் எதற்கும் தலையாட்டுவார், பக்கத்தில் இன்னொருத்தர் இருந்தால்தான் "இல்லீங்க" என்ற சொல் வெளியே வரும். அந்த இரண்டு பேரும் கிளாஸ் லீடராகவே இருக்கக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வேலைக்குப் போகும் பையனுக்குக் கணக்கும் பொறுப்பும் அந்த லீடரை விட நன்றாகத் தெரியும், ஆனால் அவனை யாருக்கும் கூப்பிடத் தோன்றுவதில்லை.

சட்டத்தின் எல்லையையும் பசங்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. வாக்காளர் பட்டியலில் பேர் இருப்பவர்தான் கிராம சபை உறுப்பினர். ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்லும் உரிமை பிள்ளைக்கு உண்டு என்கிறது, இந்தியா அதில் 1992-இல் சேர்ந்தது. ஆனாலும் கிராம சபைத் தீர்மானத்தில் பதினேழு வயசுக்காரருக்கு ஓட்டு இல்லை. நம் சொந்தக் குழுவில் ஓட்டுக் கொடுப்பதை யாரும் தடுக்கவில்லையே.

சமம் என்றால் பசங்க சொல்வதற்கெல்லாம் சரி சொல்வது என்று சில பெரியவர்கள் பயிற்சிக்கு அப்புறம் ஒரேயடியாக அடங்கிப் போய்விடுகிறார்கள், அதுவும் உதவாது. கன்னங்குறிச்சி மூக்கனேரியை 2010 வாக்கில் சேலத்துக்காரர்கள் இறங்கிச் சீரமைத்ததைப் பார்த்து வளர்ந்த பசங்க இங்கே நிறைய. ஒரு சின்ன ஏரிக் குழுவில் அப்படிப்பட்ட பசங்க, இருக்கிற பணத்தில் கரையில் பெஞ்சும் விளக்கும் போடலாம் என்றார்கள். ஒரு பெரியவர் கூடாது, ஐப்பசி மழைக்கு முன்னால் வாய்க்காலைத் தூர்வார வேண்டும் என்றார். "நான் சொல்றேன்ல" என்று அவர் முடித்திருக்கலாம். முடிக்காமல் ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரையும் வாய்க்கால் ஓரமாகவே கூட்டிக்கொண்டு நடந்து, எங்கே அடைத்திருக்கிறது, போன மழையில் தண்ணீர் எந்தத் தெருவுக்குள் திரும்பியது என்று காட்டினார். பசங்க கணக்கு நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். தூர்வாருவதற்கே ஓட்டு விழுந்தது. ஜேசிபி வாடகையில் பேரம் பேசி மிச்சம் பிடித்தது பசங்கதான், அந்த மிச்சத்தில் ஒரு பெஞ்ச் போட்டுக்கொண்டார்கள்.