காரணி தெரியும் முன்பே பகு எண் என்று தெரிந்த ஓர் எண்

2-இன் 67ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் 147573952589676412927 என்னும் 21 இலக்க எண் கிடைக்கும். 1644-இல் பிரெஞ்சுத் துறவியும் கணிதவியலாளருமான மெர்சென் இதைப் பகா எண்களின் பட்டியலில் சேர்த்திருந்தார். 1876-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூக்கா, ஒரு காரணியைக்கூடக் கண்டுபிடிக்காமலேயே, இது பகு எண் என்று நிறுவினார். இந்த வரலாற்றில் என்னை அதிகம் வியக்க வைப்பது இதுதான். அமெரிக்கரான கோல், 1903 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த கணிதக் கழகக் கூட்டத்தில், அந்தக் காரணிகளை வெளியிட்டார்: 193707721, 761838257287.

இவற்றைக் குருட்டுத்தனமாகத் தேட வேண்டியதில்லை. இந்த எண்ணை வகுக்கும் எந்தப் பகா எண்ணை எடுத்துக்கொண்டாலும், அதன்படி 2-இன் வரிசை (அந்தப் பகா எண்ணால் வகுத்தால் மீதி 1 தரும் 2-இன் மிகச் சிறிய அடுக்கு) 67 ஆகவே இருக்கும் என்பதாலும், ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி அவ்வரிசை அந்தப் பகா எண்ணைவிட ஒன்று குறைந்த எண்ணை வகுக்கும் என்பதாலும், பகா எண் ஒற்றை எண்ணாக இருப்பதால் அந்த ஒன்று குறைந்த எண் 2-ஆலும் வகுபடும் என்பதாலும், காரணி 134-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருந்தாக வேண்டும். சிறிய காரணியில் ஒன்றைக் கழித்து 134-ஆல் வகுத்துப் பார்த்தேன். மீதியின்றி 1445580 வந்தது. பெரியதற்கு 5685360129. கட்டம் போட்ட தாளில் இரண்டையும் பெருக்கியபோது மட்டும், ஏழாம் வரியில் மீந்த இலக்கத்தைக் கூட்ட மறந்து, முழுவதையும் மறுபடி போட வேண்டியதாயிற்று.