எனக்குப் படகு இல்லை, கேப்டன்

வேலைத்தாளில் டாய்லெட் என்று எழுதியிருந்தால் டாய்லெட்டை மட்டும் பார், அதற்குமேல் வாயைத் திறக்காதே என்பது எங்கள் தவுக்கேயின், அதாவது படகு ரிப்பேர் யார்டு முதலாளியின், சட்டம். அதை நான் குறை சொல்லமாட்டேன். மலேசியாவின் லங்காவித் தீவுக்கு வருகிற பாய்மரப் படகுக்காரர்களில் பலர் எங்கேயோ ஒரு யார்டில் ஏற்கெனவே நன்றாக ஏமாந்துவிட்டு வந்தவர்கள். பம்ப் சரிபண்ணப் போனவன் இன்னொரு வேலையையும் சேர்த்துச் சொன்னாலே அவர்கள் முகம் மாறிவிடும். ஆனாலும் போன சீசனில் செய்த ஒரு டாய்லெட் வேலை இன்னும் என்னை விட்டபாடில்லை. அன்றைக்கு நான் சொன்ன பதில் சரிதான் என்று ஒருநாள் தோன்றும், மறுநாள் சீ என்று இருக்கும்.

கணவன் மனைவி இரண்டே பேர், எழுபதைத் தாண்டியவர்கள், 38 அடிப் படகு. மறுநாள் காலையில் தாய்லாந்துப் பக்கம் கிளம்ப வேண்டும், கிளியரன்ஸ் எல்லாம் வாங்கியாகிவிட்டது. டாய்லெட் பம்ப் இறுகிப்போயிருக்கிறது, அடித்துவிட்டதெல்லாம் கொஞ்ச நேரத்தில் கிண்ணத்துக்கே திரும்பி வருகிறது. (படிக்கிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்ளலாம். என் அம்மா இன்னும் சொந்தக்காரர்களிடம் பையன் கப்பல் எஞ்சினியர் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.)

கையால் அடிக்கும் ஜாப்ஸ்கோ டாய்லெட். திரும்பி வருகிறது என்றால் முதலில் ஜோக்கர் வால்வைப் பார்க்க வேண்டும். நடுவில் கீறல் விட்ட ஒரு ரப்பர் துண்டுதான், போவதைப் போகவிட்டு வருவதைத் தடுக்கும். அது விறைத்துப்போய் வாய் மூடாமல் கிடந்தது. பிஸ்டன் ஓ-ரிங்கும் தேய்ந்துவிட்டது. கணவர் புது ரப்பர்கள் அடங்கிய ரிப்பேர் கிட் வாங்கித் தயாராக வைத்திருந்தார், அதைப் போட்டால் போதும் என்பது அவர் கட்சி. அந்த அம்மாவுக்கோ இதை மொத்தமாகக் கழற்றி எறிந்துவிட்டு பட்டனைத் தட்டினால் போகிற மாதிரி எலெக்ட்ரிக் டாய்லெட் வேண்டும். கிட் விலையோடு இன்னும் கொஞ்சம் போட்டால் முழு பம்பே புதிதாகக் கிடைக்கும், அதனால் அந்த அம்மா பக்கமும் நியாயம் இருந்தது. ஆனால் நாளைக்குக் கிளம்புகிற படகுக்குக் கையில் இருக்கிற சாமானை வைத்துத்தானே வேலை பார்க்க முடியும்.

பம்ப் இறுகியதற்கு உண்மையான காரணம் டாய்லெட்டிலிருந்து கடலுக்குப் போகிற ஹோஸ். மூத்திரமும் கடல்நீரும் சேர்ந்தால் உள்ளே சுண்ணாம்பு படியும், பம்பை இரண்டு மூன்று தடவை மட்டும் அடித்து நிறுத்திவிட்டால் இன்னும் சீக்கிரம் படியும், ஏனென்றால் அழுக்கு ஹோஸைத் தாண்டிப் போகாமல் அதிலேயே நிற்கிறது. ஒன்றரை அங்குல ஹோஸுக்குள் என் சுண்டுவிரல் நுழைகிற வழிதான் மிச்சம். வெந்நீரில் நனைத்த துணியால் ஹோஸின் வெளிப்பக்கத்தைத் துடைத்து முகர்ந்து பார்த்தேன், துணி நாறவில்லை, ரப்பர் இன்னும் பிழைத்திருக்கிறது என்று அர்த்தம். கழற்றிக் கரைக்கு எடுத்துப்போய் சிமெண்ட் படியில் துணி துவைக்கிற மாதிரி ஓங்கி ஓங்கி அடித்தேன். பழுப்பும் வெள்ளையுமாகச் சில்லுகள் உதிர்ந்து விழுந்துகொண்டே இருந்தன. அடுத்த படகில் காபி குடித்துக்கொண்டிருந்தவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

அந்த ஹோஸைத் திரும்ப மாட்டப் போகும்போதுதான் வால்வைச் சரியாகப் பார்த்தேன். படகின் அடியில் கடலுக்குத் திறக்கிற சீகாக், வாஷ்பேசினுக்குக் கீழே அலமாரிக்குள் இருக்கிறது, ஒருக்களித்துப் படுத்து ஒரு கையை மட்டும் உள்ளே விட்டுத்தான் வேலை செய்ய முடியும். ஹோஸ் ஏறுகிற முனையில் பச்சைக் களிம்பு. கத்தியால் சுரண்டினேன். அடியில் மஞ்சளாகத் தெரிய வேண்டிய பித்தளை ரோஸ் நிறத்தில் இருந்தது.

இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு அந்த நிறத்தைக் கண்டால் வயிற்றைக் கலக்கும். பித்தளையில் இருக்கிற துத்தநாகம் கடல்நீரில் கரைந்து போய்விட்டது, செம்பு மட்டும் பொடிப்பொடித் துளைகளோடு நிற்கிறது. பார்க்க முழுசாக இருக்கும், ஒரு நாள் கைப்பிடியைத் திருப்பும்போது மொத்தமாகக் கையோடு வந்துவிடும். வெண்கலத்தில் போட்டிருந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் படகு கட்டுகிறவர்கள் பலர் பித்தளையைத்தான் போட்டார்கள். ஐஎஸ்ஓ 9093 என்ற தரவிதியே 5 வருடம் தாங்கினால் போதும் என்கிறது. இந்தப் படகுக்கு வயது இருபதுக்கு மேல். வால்வை எப்போதாவது மாற்றினார்களா என்று கேட்டால் அவருக்கே ஞாபகம் இல்லை. ஒன்றரை அங்குல ஓட்டை, நீர்மட்டத்துக்கு இரண்டடி கீழே: நிமிடத்துக்கு நூறு லிட்டருக்கு மேல் உள்ளே வரும். படகின் அடியில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் சாதாரண பில்ஜ் பம்ப் அதற்கு ஈடுகொடுக்காது.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும். சுரண்டிய இடத்தில் மட்டும்தான் ரோஸ். கைப்பிடி முக்கி முனகித் திரும்பினாலும் சொட்டு ஒழுகாமல் மூடியது, இல்லையென்றால் ஹோஸையே கழற்றியிருக்க முடியாது. சுத்தியலால் தட்டி ஓசை கேட்பார்கள், நல்ல உலோகம் கணீரென்று சொல்லும். தண்ணீரில் மிதக்கிற படகில் அந்த வால்வை ஓங்கித் தட்டிப் பார்க்க யாருக்குத் துணிச்சல் வரும்? நான் மெதுவாகத் தட்டினேன், மெதுவாகத் தட்டினால் எதுவும் சொல்லாது. களிம்பு மேலோடு போனதா, உள்வரைக்கும் தின்றுவிட்டதா என்பதைக் கழற்றி அறுத்துப் பார்த்தால்தான் தெரியும். கழற்ற வேண்டுமானால் படகை டிராவல் லிஃப்டில், அதாவது படகு தூக்கும் கிரேனில், மேலே ஏற்ற வேண்டும், சீசன் நேரத்தில் அதற்கு ஒரு பெரிய வரிசை நிற்கிறது.

நான் அலமாரிக்குள் தலையை விட்டுக் கிடக்கும்போது அவர் கதவில் சாய்ந்துகொண்டு கதை சொல்லிக்கொண்டிருந்தார். 1945 ஏப்ரலில் ஸ்காட்லாந்து கரைக்கு அப்பால் யு-1206 என்ற ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் டாய்லெட்டால் போய்ச் சேர்ந்த கதை. ஆழத்தில் இருக்கும்போது டாய்லெட்டில் ஏதோ கோளாறாகிக் கடல் உள்ளே வந்தது, தண்ணீர் பேட்டரிகளைத் தொட்டதும் குளோரின் வாயு கிளம்பியது, மேலே வந்தால் விமானத் தாக்குதல், கடைசியில் கப்பலையே கைவிட்டார்கள். சொல்லிச் சொல்லிச் சிரித்தார். என் மூக்குக்கு நேரே அந்த ரோஸ் நிறம்.

எழுந்து உட்கார்ந்து சொன்னேன்: "வால்வு பழசாகிவிட்டது கேப்டன், அடுத்த முறை மேலே ஏற்றும்போது மாற்றிவிடுங்கள்." சொல்லாமல் இல்லை, சொன்னேன். அந்த அம்மா உடனே, பழசு என்றால் எவ்வளவு பழசு என்று கேட்டார். "என்னைவிட இளசு" என்று அவர் முந்திக்கொண்டார். அப்புறம் என்னைப் பார்த்து, "உங்கள் படகாக இருந்தால் நாளைக்குக் கிளம்புவீர்களா?" என்றார்.

"எனக்குப் படகு இல்லை, கேப்டன்" என்றேன். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன், பேச்சு டீக்குப் போய்விட்டது.

இதைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். கிளம்பமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பாரா என்பது வேறு விஷயம், லிஃப்ட் கூலிக்கு அடி போடுகிறான் என்று நினைத்திருக்கவும் கூடும். அப்படி நினைத்துவிடுவாரோ என்ற கூச்சம் எனக்கு இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். தவுக்கேயின் முகமும் ஒரு நொடி வந்து போனது. நாள் முழுக்க இன்னொருவர் மலத்தில் கையை வைத்துவிட்டு, சோப்புப் போட்டுக் குளித்தால் போதும் என்றும் இருந்தது. இதெல்லாம் காரணங்கள்தான், ஆனால் இவற்றை எல்லாம் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் ஒன்று மிச்சம் நிற்கிறது. என் படகாக இருந்தால் நான் கிளம்பியிருப்பேன். அதுதான் உண்மை. இங்கே மீன்பிடிப் படகுகளில் இதைவிட மோசமான வால்வுகளைப் பார்த்திருக்கிறேன், அவை தினமும் போய் வருகின்றன. என் படகு என்றால் அந்த வால்வின் யோக்கியதை எனக்குத் தெரியும், ஒவ்வொரு தடவையும் மூடுவேன், ராத்திரி எழுந்து டார்ச் அடித்துப் பார்ப்பேன், முங்கினால் நீந்துவேன். அவர்களுக்கு எழுபது வயது. ஆக, அவர் கேட்ட கேள்விக்கு நேர்மையான பதில் "கிளம்புவேன்" என்பது. அந்த நேர்மையான பதில் அவர்களுக்குத் தப்பான யோசனை. அப்படிப் பார்த்தால் நான் அடித்த ஜோக்தான் இருந்ததிலேயே கெடுதல் குறைந்த பதில் என்று சில நாள் சமாதானம் ஆகிவிடுவேன்.

ஆனால் அந்த இடத்தில் அவ்வளவு யோசித்தேனா என்ன? இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். யோசனையெல்லாம் அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது. அதோடு, அவர் கேட்டது என் படகைப் பற்றி இல்லை என்பது எனக்குத் தெரியாமலா இருந்தது. எவ்வளவு பயப்பட வேண்டும் என்று கேட்டார். அதைப் படகு வைத்திராதவனும் சொல்லலாம்.

ஹோஸை மாட்டி, கிளிப்பை இரட்டையாகப் போட்டு இறுக்கி, பம்பை அடித்துக் காட்டினேன், வெண்ணெயாகப் போனது. கிளம்பும் முன் என் பெட்டியிலிருந்து கூம்பாகச் செதுக்கிய மர அடைப்பு ஒன்றை எடுத்து சீகாக்கில் கயிற்றால் கட்டிவைத்தேன், வால்வு போய்விட்டால் ஓட்டையில் வைத்து அடிப்பதற்கு. ஒவ்வொரு தடவையும் மூடிவிடுங்கள் என்றும் சொன்னேன். எல்லாப் படகிலும் இதைச் சொல்கிறோம், செய்கிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மரத்துண்டைப் பார்த்துவிட்டு அந்த அம்மா ஏதோ கேட்க வந்தார், அதற்குள் போன் வந்தது. பில்லில் அதை நான் எழுதவில்லை. எழுதியிருந்தால் ஏன் எதற்கு என்று கேட்டிருப்பார்கள், பேச்சு மறுபடி ஆரம்பித்திருக்கும், ஒருவேளை அதற்காகவே எழுதியிருக்க வேண்டுமோ என்னவோ.

அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பூக்கெட்டிலிருந்து படம் அனுப்பினார்கள், டாய்லெட் ஜோராக வேலை செய்கிறது என்று ஒரு வரி.

அதற்கப்புறம் நான் வேறு மாதிரி ஆகிவிட்டேன், அதுவும் நல்லதா என்று தெரியவில்லை. இன்னொரு படகில் இதே ரோஸ் நிறம் கண்ணில் பட்டதும், ஜோக் எதுவும் அடிக்காமல், இதோடு கடலுக்குப் போகாதீர்கள் என்று சொல்லிவிட்டேன். மேலே ஏற்றினார்கள், கழற்றினோம், அறுத்துப் பார்த்தேன். தோலுக்கு மட்டும் ரோஸ், உள்ளே பளபளவென்று மஞ்சள், இன்னும் பல வருடம் ஓடியிருக்கும். அறுத்த இரண்டு பாதியையும் அந்த ஆள் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார், பணத்தை எண்ணிக் கொடுத்தார், எங்கள் யார்டுக்கு அப்புறம் வரவே இல்லை. தவுக்கே என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கூடப் பரவாயில்லை.

இந்த சீசனுக்கு அந்தத் தம்பதி மறுபடி வருகிறார்கள். அந்த அம்மா ஜெயித்துவிட்டார், எலெக்ட்ரிக் டாய்லெட் மாட்ட என்ன ஆகும் என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். கடிதத்தில் வால்வைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. டாய்லெட், ஒயர், புது ஹோஸ், அதோடு வெண்கல சீகாக், படகை மேலே ஏற்றி இறக்கும் கூலி என்று எல்லாவற்றையும் சேர்த்து விலை போட்டு வைத்திருக்கிறேன். கூலியே டாய்லெட் விலையை நெருங்கிவிட்டது. டாய்லெட் மட்டும் போதும் என்று அவர் திருப்பி எழுதினால் என்ன சொல்வது என்று இன்னும் முடிவு பண்ணவில்லை.