டி20 வகைப்பாடு: கோப்பிலிருந்து கால் ரூம் (call room) வரை

பாரா தடகளத்தில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு ஒரே வகைதான். ஓட்டத்துக்கும் நீளம் தாண்டுதலுக்கும் டி20, குண்டு எறிதலுக்கு எஃப்20. பாராலிம்பிக்ஸில் இவர்களுக்கு 400 மீ., 1500 மீ., இந்த இரண்டு களப் போட்டிகள், அவ்வளவே. 100 மீட்டரில் பறக்கிற பிள்ளையையும் 400-க்குத்தான் பழக்க வேண்டியிருக்கும்.

யூடிஐடி அட்டை (அரசு தரும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) இருக்கிறதே, போதாதா என்று பெற்றோர் கேட்பார்கள். போதாது. அதில் இருப்பது குறைபாட்டின் வகை, சதவீதம் போன்ற விவரங்களே. சர்வதேசத் தகுதியை முதலில் பார்ப்பது விர்டஸ், அதாவது அறிவுசார் குறைபாடு உள்ள வீரர்களுக்கான சர்வதேச விளையாட்டு அமைப்பு. அது கேட்பது மூன்று: ஐக்யூ 75 அல்லது அதற்குக் கீழ், அன்றாட வாழ்க்கைத் திறன்களில் கணிசமான பின்னடைவு, இவை 22 வயதுக்கு முன்பே இருந்ததற்கான ஆதாரம். கெடுபிடிக்குக் காரணம் உண்டு. 2000 சிட்னி பாராலிம்பிக்ஸில் தங்கம் வென்ற ஸ்பெயின் கூடைப்பந்து அணியில் பெரும்பாலானோருக்குக் குறைபாடே இல்லை என்று தெரியவந்தது. அதற்கு விலை கொடுத்தவர்கள் உண்மையான வீரர்கள். 2012 லண்டன் வரை அவர்களுக்குப் பாராலிம்பிக்ஸ் கதவு மூடியே இருந்தது.

விர்டஸுக்கு அனுப்பும் கோப்பு திரும்பி வருவது பெரும்பாலும் ஐக்யூ அறிக்கையால்தான். 'ஐக்யூ 62' என்று ஒற்றை வரியில் எழுதிய கடிதம் செல்லாது. எந்தத் தேர்வு, எந்தப் பதிப்பு, என்று எடுத்தது, உட்பிரிவு மதிப்பெண்கள், உளவியலாளரின் தகுதி, கையெழுத்து எல்லாம் வேண்டும். தமிழ் மட்டும் தெரிந்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் தேர்வு வைத்தால் மதிப்பெண் குறைவது மொழியாலா, குறைபாட்டாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. தமிழ் பேசும் உளவியலாளரையே தேடுங்கள்.

அன்றாடத் திறன் நேர்காணலில் சறுக்குவது பெற்றோர். "எல்லாம் அவளே பண்ணிக்குவா" என்று பெருமையாகச் சொல்லிவிடுவார்கள். கடையில் மீதிச் சில்லறை சரிபார்ப்பாளா, ரெண்டு பஸ் மாறித் தனியாக வருவாளா என்று கேட்டால்தான் உண்மை வெளிவரும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். பள்ளிச் சான்று, ஆதார், பாஸ்போர்ட் மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கட்டும்.

அடுத்தது போட்டி நடக்கும் இடத்தில் வகைப்பாடு. பயிற்சி வரலாறு பற்றிய கேள்விகள், கணினியில் நினைவாற்றல், எதிர்வினை வேகம் போன்ற சோதனைகள், பிறகு போட்டியிலேயே நேரடிக் கவனிப்பு. தொடுதிரையைப் பழக்கலாம், விடையைப் பழக்கக் கூடாது. வேண்டுமென்றே மோசமாகச் செய்வது தடைக்குரிய குற்றம்.

ஓடுதளத்தில் இவர்களுக்குக் கடினம் வேகம் அல்ல, வேகத்தைப் பங்கிடுவது. முதல் 200-இலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டுக் கடைசி 80 மீட்டரில் கால் கட்டிப்போகும். "பார்த்து ஓடு" என்றால் புரியாது. 50 மீட்டருக்கு ஒரு கோன் வைத்து, அந்தக் கோனில் இருக்க வேண்டிய நொடியில் விசில் கொடுங்கள். வாரக்கணக்கில் ஓடிய பிறகு உடம்பே அதைப் பிடித்துக்கொள்ளும். பிறகு விசிலை ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம். இந்தப் பிரிவின் தரம் தெரிய வேண்டுமானால் தெலங்கானாவின் தீப்தி ஜீவன்ஜியைப் பாருங்கள்: 2024-இல் ஜப்பானின் கோபேயில் நடந்த உலகப் பாரா தடகளப் போட்டியில் 400 மீட்டரில் 55.07 நொடி, அன்று உலக சாதனை. அதே ஆண்டு பாரிஸ் பாராலிம்பிக்ஸில் 55.82, வெண்கலம்.

போட்டிக்கு முன் வீரர்கள் குறித்த நேரத்தில் வந்து காத்திருக்க வேண்டிய அறைதான் கால் ரூம்; அதையும் ஒத்திகை பார்க்க வேண்டும். 2021 டோக்கியோவில் மலேசியாவின் முகமது சியாத் சுல்கிப்லி குண்டு எறிதலில் முதலிடம் பிடித்தும், கால் ரூமுக்குத் தாமதமாக வந்ததால் அது செல்லாமல் போனது. ஆகவே கடிகாரம் பார்ப்பது கூட வருபவரின் பொறுப்பு. பயிற்சி நாளிலேயே சட்டையில் பிப் எண் (போட்டி எண்) குத்தி, ஸ்பைக்ஸைப் பையில் போட்டு, முன்பின் தெரியாதவர் நடுவே இருபது நிமிடம் கோச் இல்லாமல் உட்கார வையுங்கள். பிறகு நேரே ஸ்டார்ட்டிங் பிளாக்குக்கு அனுப்புங்கள்.