‘சிலோன் சிஸ்டர்’: காசிமேட்டில் என் முதல் ஊழிய வருடம்

யாழ்ப்பாணத்துப் பலாலியில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் மீனம்பாக்கத்தில் இறங்கிவிடலாம். அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு ஆயத்தமாக எனக்கு ஒன்பது மாதம் பிடித்தது. 2024 பெப்ரவரியில் கிறிஸ்தவ ஊழியத்துக்காகச் சென்னையின் மீனவர் பகுதியான காசிமேட்டுக்கு வந்து சேர்ந்தபோது எனக்கு வயது 24. வெளிநாட்டு ஊழியத்துக்குப் போக விரும்பும் தம்பி தங்கைகள் பலர், முக்கியமாக எங்கள் பக்கத்திலிருந்து சென்னைக்கு வர நினைப்பவர்கள், என்னென்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

முதலில் விசா. சுற்றுலா விசாவில் வந்தால் ஆலயத்துக்குப் போகலாம், ஆராதனையில் உட்காரலாம். பிரசங்கிக்கக் கூடாது, ஊழியம் செய்யக் கூடாது. அதற்கு மிஷனரி விசா என்று தனி வகை இருக்கிறது. "சும்மா டூரிஸ்ட்டில போங்கோ, ஆர் பார்க்கப் போயினம்" என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருப்பார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். நீங்கள் மாட்டிக்கொண்டால் உங்களை அழைத்த சபைக்கும் அதே சிக்கல்தான். யாழ்ப்பாணத்திலேயே இந்தியத் துணைத் தூதரகம் இருப்பதால் கொழும்புக்கு அலையாமல் விசாரிக்க முடிந்தது. எங்கள் சபையின் கடிதம், சென்னைச் சபையின் அழைப்புக் கடிதம், யார் செலவைப் பார்ப்பார்கள் என்ற கடிதம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். இரண்டு கடிதத்தில் என் பெயர் இரண்டு விதமாக இருந்ததால் ஒரு முறை எல்லாவற்றையும் திரும்ப வாங்க வேண்டி வந்தது. கடவுச்சீட்டில் உள்ள எழுத்தையே எல்லாரிடமும் முதலிலேயே அனுப்பிவிடுங்கள்.

வந்த பிறகு பதிவு. 180 நாளுக்கு மேற்பட்ட விசா என்றால் இறங்கிய 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். அலுவலகம் நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலையில் சாஸ்திரி பவனில் இருக்கிறது. ஆனால் வேலை பெரும்பாலும் இணையதளத்திலேயே முடிந்துவிடும். அதற்கு முகவரிச் சான்று வேண்டும், முகவரிக்கு வீடு வேண்டும். என் முதல் பெரிய சோதனை அதுதான்.

நான்கு வீடு பார்த்தேன். நான்கிலும் பேச்சு நன்றாகவே தொடங்கும். பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டியதும் முகம் மாறும். ஒரு வீட்டுக்காரர் அட்வான்ஸ் எவ்வளவு என்றுகூடச் சொல்லிவிட்டு, மறுநாள் "போலீஸ் வந்து போற வீடுன்னு பேர் வேணாம்மா" என்று போனில் முடித்துக்கொண்டார். அன்று இரவு மிகவும் அழுதேன். பிறகுதான் அவர் பக்கமும் புரிந்தது. வெளிநாட்டவரைத் தங்க வைப்பவர் 24 மணி நேரத்துக்குள் ஒரு படிவத்தை (அப்போது அதன் பெயர் ‘சி ஃபார்ம்’) ஆன்லைனில் பதிய வேண்டும். அதைக் கேட்டதுமே பலருக்குப் பயம் வந்துவிடுகிறது. கடைசியில், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் தன் வீட்டு மாடி அறையைத் தந்தார். முப்பது வருடமாக ஞாயிறு பள்ளி நடத்தியவர், பேட்டை முழுவதும் அவரை டீச்சரம்மா என்றே கூப்பிடும். படிவத்தை அவரும் நானும் பக்கத்துத் தெரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து நிரப்பினோம். நீங்கள் வருவதென்றால் வீட்டையும் இந்தப் படிவத்தையும் பற்றிப் பேசி முடித்த பிறகு விமானச் சீட்டு எடுங்கள்.

இதெல்லாம் காகித வேலை. ஒரு மாதத்தில் முடிந்தது. மொழிதான் என்னை ஒரு வருடம் பிடித்து வைத்தது.

நானும் தமிழ், அவர்களும் தமிழ். ஆப்பிரிக்காவுக்கோ கம்போடியாவுக்கோ போகும் ஊழியர்கள் போல மொழி படிக்கத் தேவையில்லை என்ற எண்ணத்தோடுதான் வந்தேன். முதல் வீட்டுச் சந்திப்பில், "உங்களோட கொஞ்சம் கதைக்கலாமா?" என்று கேட்டேன். "கதையெல்லாம் வேணாம்மா, விஷயத்த சொல்லு" என்றார் அந்தப் பெரியவர். நாங்கள் பேசுவதைத்தான் கதைப்பது என்கிறோம். இங்கே கதை என்றால் ஒன்று பாட்டி சொல்வது, இல்லையென்றால் பொய். ஆமாம் என்பதற்கு நாங்கள் "ஓம்" என்போம். ஜெபக் கூட்டத்தில் நான் "ஓம், ஓம்" என்று தலையாட்டியதும் முன்வரிசையில் இருந்த இரண்டு அம்மாக்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இதெல்லாம் போகட்டும். ஒன்று மட்டும் இன்னும் மனதை உறுத்துகிறது. ஞாயிறு பள்ளி முடிந்து ஒரு தாய் மகனைக் கூப்பிட வந்தார். அன்றைய பாடம் அவனுக்குச் சரியாகப் பிடிபடவில்லை என்று சொல்ல நினைத்து, "இவனுக்கு இன்னும் விளங்கேல்லை, இப்படியே விட்டால் விளங்காது" என்றேன். அவர் முகம் கறுத்துப்போனது. பையனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். எங்கள் ஊரில் விளங்குவது என்றால் புரிவது. இங்கே "விளங்காது" என்றால் உருப்படாது என்று சபிப்பது. டீச்சரம்மா சொல்லித்தான் தெரிந்தது. அன்று மாலையே அவரோடு அந்த வீட்டுக்குப் போய் வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டேன். அந்தத் தாய் காது கொடுத்துக் கேட்டார், ஆனால் இரண்டு ஞாயிறு பையனை அனுப்பவில்லை. மூன்றாம் ஞாயிறு அனுப்பினார்.

அதற்குப் பிறகு ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டேன். ஒரு பக்கம் எங்கள் சொல், மறுபக்கம் இவர்கள் சொல். பாண் – பிரெட். சவர்க்காரம் – சோப்பு. சாரம் – கைலி. கச்சான் – வேர்க்கடலை. கெதியா – சீக்கிரம்.

நான் உடுவில் மகளிர் கல்லூரியில் படித்தவள். 1824-ல் அதைத் தொடங்கிய அமெரிக்க மிஷனரிகளில் ஒருவர் மைரன் வின்சுலோ. அவர் 1836-ல் யாழ்ப்பாணத்திலிருந்து இதே சென்னைக்கு வந்தார். அதே காலத்தில் வந்த இன்னொருவர் மருத்துவ மிஷனரி ஜான் ஸ்கடர், வேலூர் மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடரின் தாத்தா. வின்சுலோ 1862-ல் இங்கே வெளியிட்ட தமிழ்–ஆங்கில அகராதியில் 67,000-க்கும் மேற்பட்ட சொற்கள். அதன் தலைப்பிலேயே செந்தமிழும் கொடுந்தமிழும் சேர்ந்தது என்று போட்டிருப்பார். அந்த வேலையை யாழ்ப்பாணத்தில் ஜோசப் நைட் என்பவர் ஆரம்பித்திருந்தார். அமெரிக்க மிஷன் வேலை செய்த இடங்களில் ராயபுரமும் ஒன்று. தினமும் ராயபுரம் ரயில் நிலையத்தைக் கடந்து போகும்போது வின்சுலோவை நினைப்பேன். பாடசாலையில் பரீட்சைக்காகப் படித்த பெயர், குறிப்பேடும் கையுமாக அலைந்த அந்த மாதங்களில் எனக்குத் துணையாக இருந்தது.

என் சபைக்கும் இந்த ஊருக்கும் இன்னொரு உறவும் உண்டு. தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று இங்கே செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில்தான் தொடங்கியது. எங்கள் யாழ்ப்பாண ஆதீனமும் அதில் ஓர் அங்கம். அங்கே ஆதீனம் என்கிறோம், இங்கே பேராயம். அந்தக் கதீட்ரலுக்குள் முதல் தடவை நுழைந்தபோது யாரோ ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குள் போவது போலத்தான் இருந்தது.

வீட்டுச் சந்திப்பு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வாரம் மூன்று நாள், மாலை நான்கு மணிக்கு வெயில் தாழ்ந்த பிறகு, டீச்சரம்மாவோடு போவேன். நான் வேதப்பகுதி, ஒரு சின்ன விளக்கம், ஜெபம் என்று இருபது நிமிடத்துக்கு ஒரு வீடு வீதம் திட்டம் போட்டு வைத்திருந்தேன். அவர் ஒரு வீட்டுக்குள் போனால் முதலில் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிப்பார். பிறகு லாரித் தண்ணீர் வந்ததா, பையன் மருந்து சாப்பிடுகிறானா, சீட்டுக் காசு வந்ததா என்று ஒவ்வொன்றாக விசாரிப்பார். வேதாகமத்தைத் திறக்க முக்கால் மணி நேரம் ஆகும். சில வீடுகளில் திறக்கவே மாட்டார். எனக்கு அப்போது பொறுமையே இருக்காது. "அவங்க சொல்லி முடிக்கட்டும் கண்ணு" என்பார்.

மே மாதம். கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகுகள் எல்லாம் காசிமேட்டுத் துறைமுகத்தில் கட்டிக் கிடந்தன. ஆண்கள் வீட்டில் இருந்தார்கள், கையில் காசு இல்லை. ஒரு வீட்டில் அந்த அம்மா என் பேச்சைக் கேட்டதும், "சிலோனாம்மா நீ?" என்றார். ஆமாம் என்றேன். "எங்க அண்ணன் புள்ள உங்க ஊரு ஜெயில்லதாம்மா இருக்கான்" என்றார். ராமேஸ்வரத்துப் பையன். மார்ச் மாதம் எல்லை தாண்டியதாகப் பிடிபட்டவன். "அவனுக்காக ஜெபம் பண்ணும்மா. உங்க ஊருக்காரி கேட்டா சாமி சீக்கிரம் கேக்கும்."

எனக்கு வாய் திறக்கவில்லை. என் மாமா பருத்தித்துறையில் சின்னப் படகில் தொழில் செய்பவர். நாங்கள் இழுவைப் படகு என்று சொல்வதைத்தான் இவர்கள் விசைப்படகு என்கிறார்கள். மடி வலையை அடிக்கடலில் இழுத்துக்கொண்டு வரும் அந்தப் படகுகள், கடனுக்கு வாங்கிய மாமாவின் வலையை ஒரே இரவில் அறுத்துக்கொண்டு போயிருந்தன. இலங்கையில் 2017-ல் அடிக்கடல் இழுவையைச் சட்டத்தால் தடை செய்த பிறகும் அது நடந்தது. மாமி தோட்டைக் கழற்றி அடகு வைத்தது எனக்குத் தெரியும்.

பொய்யாக ஜெபிக்க முடியவில்லை. மாமாவின் வலையைப் பற்றிச் சொல்லிவிட்டேன். சொன்ன உடனே ஏன் சொன்னேன் என்று இருந்தது. வீடு அமைதியாகிவிட்டது. டீச்சரம்மாவும் ஒன்றும் பேசவில்லை. உள்ளே படுத்திருந்த அந்த அம்மாவின் கணவர் எழுந்து வந்தார். "என்ன வலை? எத்தன பீஸு?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவர் மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டு ஒரு தொகை சொன்னார், இந்திய ரூபாயில். கிட்டத்தட்டச் சரியாக இருந்தது. பிறகு மனைவியிடம், "பெரிய காசு" என்றார்.

அந்த அம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டார். "முதல்ல உங்க மாமாவுக்கு ஜெபம் பண்ணு. அப்புறம் எங்க புள்ளைக்கு."

மூன்று மாதமாக இவர்கள் பேசுவது போலவே ஜெபிக்கப் பழகியிருந்தேன். அன்று அது எதுவும் வரவில்லை. "எங்கட மாமா", "அந்தப் பெடியன்" என்று என் வீட்டுத் தமிழிலேயே ஜெபித்தேன். நடுவில் அழுகையும் வந்தது. புரியவில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. அன்று இரவே அம்மாவுக்குப் போன் பண்ணினேன். எங்கள் சபையில் சிறைச் சந்திப்புக்குப் போகும் ஒருவர் மூலமாக அந்தப் பையன் நலமாக இருக்கிறான், சாப்பிடுகிறான் என்று நான்கு நாளில் செய்தி வந்தது. ஓடிப்போய்ச் சொன்னேன். ஜூலையில் அவன் ஊர் திரும்பினான். படகு திரும்பவில்லை.

மற்றவை எல்லாம் நீங்களே பழகிக்கொள்வீர்கள். கத்திரி வெயிலில் விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்துவது உடம்பை வாட்டும், தண்ணீர் நிறையக் குடியுங்கள். எங்கே போனாலும் ஆதார் கேட்பார்கள், விசாவின் நகலைப் பையிலேயே வைத்திருங்கள். டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் விடிய விடிய நடக்கும், அந்த மாதம் முழுவதும் வீட்டு நினைவு கடுமையாக இருக்கும். சொதியும் இடியப்பமும் சமைக்கத் தெரிந்துகொண்டு வாருங்கள், அது மிகவும் உதவும்.

அந்த அம்மா இப்போதும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் செருப்பு விடும் இடத்தில் எனக்காக நிற்பார். "உங்க மாமா புது வலை வாங்கிட்டாரா?" என்று கேட்பார். பாதி வாங்கிவிட்டார் என்று போன வாரம் சொன்னேன். "மீதி?" என்றார்.