சம்பளத்தை வெளியில் சொன்னால் என்ன?

எங்கள் அப்பா விசைப்படகில் ஆளாகப் போகிறவர். திங்கள், புதன், சனி ராமேசுவரத்திலிருந்து கடலுக்குப் போய் மறுநாள் காலையில் கரைக்கு வருவார்கள். இறால், நண்டு, கணவாய் எல்லாம் வியாபாரிக்குப் போட்ட பிறகு டீசல் இவ்வளவு, ஐஸ் இவ்வளவு என்று கழித்து, மீதியில் படகுக்காரருக்கு இவ்வளவு, ஆட்களுக்கு இவ்வளவு என்று பங்கு பிரிப்பார்கள். சின்ன வயதில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோய்ப் பக்கத்திலேயே நின்று பார்த்திருக்கிறேன். ஒரு பழைய நோட்டு, ஈரக் கை பட்டுப் பட்டுத் தாளெல்லாம் உப்பிப்போயிருக்கும், டிரைவர் சொல்லச் சொல்ல ஒருத்தர் அதில் எழுதுவார், மற்றவர்கள் சுற்றி நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். "ஐஸு அத்தனை கட்டியா ஏத்துனோம்?" என்று யாராவது கேட்டுவிட்டால் அங்கேயே பேசித் தீர்த்த பிறகுதான் பணம் கைமாறும்.

நான் படித்து முடித்து பெங்களூரில் ஒரு நிறுவனத்தில் இரண்டரை வருடம் வீடியோ கேம் டெஸ்டராக இருந்தேன். விளையாடுவதற்குச் சம்பளமா என்று எங்கள் ஊர் தங்கச்சிமடத்தில் எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். விளையாட்டு இல்லை அது. ஒரு கோட்டைக்குள் இருக்கிற ஒவ்வொரு சுவரிலும் கதாபாத்திரத்தைக் கொண்டுபோய் முட்ட வேண்டும், ஓடி வந்து, குதித்து, குனிந்து, வண்டியில் வந்து. எங்கேயாவது உள்ளே புகுந்துவிட்டால் அது பக், அதாவது பிழை. எந்த பில்டு (கேமின் அன்றைய பதிப்பு), எந்த இடம், என்னென்ன செய்தபோது வந்தது என்று வீடியோவோடு எழுதி அனுப்ப வேண்டும். மறுநாள் புது பில்டு வரும், திரும்ப முதல் சுவரிலிருந்து. கேம் வெளியாகிற தேதி நெருங்கினால் 14 மணி நேரம் கூட உட்கார்ந்திருக்கிறோம். க்ரஞ்ச் என்பார்கள். அமெரிக்காவில் பகலாக இருக்கும்போது நமக்கு இரவு, அதனால் கிளையன்ட் கால் எல்லாம் நள்ளிரவில்தான். ஓவர்டைமுக்கு ஒரு ரூபாய் கிடையாது, பீட்சா வாங்கித் தருவார்கள்.

எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த பையன் என்னைவிட எட்டு மாதம் சீனியர். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்ததே அவன்தான். ஒருநாள் டீக்கடையில் பேச்சுவாக்கில் என் சம்பளத்தைச் சொல்லிவிட்டேன், அவன் முகம் மாறிப்போனது, அவனுக்கு மாதம் 4,000 ரூபாய் குறைவு. அவன் ஏஜென்சி வழியாகக் கான்ட்ராக்ட்டில் வந்தவன். அடுத்த வாரம் அவன் போய்க் கேட்டபோது, உனக்கு யார் சொன்னது என்பதுதான் முதல் கேள்வி. ஆஃபர் லெட்டரிலேயே சம்பளத்தை யாரிடமும் சொல்லக்கூடாது என்று ஒரு வரி இருந்தது, அதைக் காட்டி எனக்கு ஒரு மெமோ.

லீவில் வந்தபோது இதை அப்பாவிடம் சொன்னேன். வலையைக் கையில் வைத்தபடியே கேட்டார்: "கணக்கே தெரியலன்னா எத வெச்சும்மா பங்கு கேப்பீங்க?"

இந்தக் கேள்வியோடுதான் கேம் துறையில் தொழிற்சங்கம் வந்த கதையை நான் தேடித் தேடிப் படித்தேன். 2020-ல் பிளிசார்ட் என்ற பெரிய அமெரிக்க கேம் நிறுவனத்தின் ஊழியர்கள் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் பெயர் போடாமல் அவரவர் சம்பளத்தை எழுத ஆரம்பித்தார்கள். கோடிக்கணக்கில் விற்கிற கேம்களைச் செய்கிற இடத்தில், வாடகை கட்டுவதற்காகச் சாப்பாட்டைத் தவிர்க்கிற ஆட்கள் இருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. அங்கே சம்பளத்தைப் பற்றி ஊழியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கு 1935-ம் வருடச் சட்டமே பாதுகாப்புக் கொடுக்கிறது.

அடுத்த வருடம் டிசம்பரில் ரேவன் சாஃப்ட்வேர் என்ற இன்னொரு அமெரிக்க கேம் நிறுவனம். கால் ஆஃப் டூட்டி வார்சோன் என்ற கேமில் வேலை பார்த்த டெஸ்டர்களில் 12 பேருக்குக் கான்ட்ராக்ட் நீட்டிக்க மாட்டோம் என்று சொல்ல, மற்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். 2022 மே மாதம் சங்கம் வேண்டுமா என்று ஓட்டெடுப்பு, 19-க்கு 3. வெறும் இருபத்திரண்டு ஓட்டு! அமெரிக்காவின் பெரிய கேம் நிறுவனங்களில் அதுதான் முதல் சங்கம், அதை ஆரம்பித்தது புரோகிராமர்கள் இல்லை, எங்களைப் போல டெஸ்டர்கள். பிறகு மைக்ரோசாஃப்ட்டுக்குச் சொந்தமான செனிமேக்ஸ் கேம் நிறுவனத்தில் சுமார் 300 டெஸ்டர்கள் 2023-ல் சங்கமானார்கள், இரண்டு வருடத்துக்கும் மேல் பேச்சுவார்த்தை நடத்தி 2025-ல் மைக்ரோசாஃப்ட்டோடு ஒப்பந்தம் போட்டார்கள். எல்லோருக்கும் 13.5 சதவீத உயர்வு, குறைந்தபட்சச் சம்பளம், காரணமில்லாமல் வேலையைவிட்டு அனுப்பாமல் இருக்கப் பாதுகாப்பு. கூடவே கேம் முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலில் டெஸ்டர் பெயர் வருவதற்கும் விதி. இதைப் படித்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் டெஸ்ட் செய்த மூன்று கேமிலும் என் பெயர் இல்லை, நிறுவனத்தின் பெயர் ஒரு வரி ஓடும், அவ்வளவுதான்.

அங்கே கேம்களுக்குக் குரல் கொடுக்கிற நடிகர்கள் 2024 ஜூலையில் தொடங்கி ஏறக்குறைய பதினொரு மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள், தங்கள் குரலை ஏ.ஐ.-க்குக் கொடுப்பதென்றால் சம்மதமும் காசும் வேண்டும் என்று.

அது அமெரிக்கா, இங்கே நடக்குமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஐ.டி. ஊழியர்களும் சங்கம் வைக்கலாம், தொழிலாளர் சட்டங்கள் அவர்களுக்கும் பொருந்தும் என்று தமிழ்நாடு அரசு 2016-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கிற பெண்களைப் பாருங்கள். வனத்துறையோடு காலங்காலமாகத் தகராறு, தனித்தனியாகப் போனபோது யாரும் காதில் வாங்கவில்லை. கூட்டமைப்பாகச் சேர்ந்து மாதத்தில் எத்தனை நாள் பாசி எடுப்பது என்பது வரை தாங்களே வரையறை வைத்துப் பேசினார்கள், அதன் தலைவர் லட்சுமிக்கு 2015-ல் தீவுகளின் இயற்கையைக் காக்கிற சீகாலஜி என்ற அமைப்பின் விருது கிடைத்தது.

படகுப் பங்கு குறையே இல்லாதது என்று நான் சொல்லவில்லை. இறாலுக்கு வியாபாரி வைத்ததுதான் விலை, மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் ஆட்களுக்குப் பங்கு கிடையாது, பி.எஃப். என்ற பேச்சே இல்லை. ஆனாலும் அந்த நோட்டு எல்லோர் கண் முன்னாலும் விரிந்து கிடக்கிறது, அப்பாவால் விரலை வைத்து இது என்ன என்று கேட்க முடிகிறது.

வேலையை விட்டு ஊருக்கு வந்து ஐந்து மாதமாகிறது. போன மாதம் ஒரு ஷீட் திறந்து, என்ன வேலை, எந்த ஊர், எத்தனை வருடம், நேரடியா ஏஜென்சியா, கைக்கு வருவது எவ்வளவு, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று கட்டம் போட்டு முதல் வரியில் என்னுடையதை எழுதி, பழைய டீமில் நம்பிக்கையான ஆறு பேருக்கு அனுப்பினேன். இரண்டாவது வரி அந்தப் பக்கத்து நாற்காலிப் பையன். இன்றைக்குக் காலையில் பார்த்தபோது 31 வரி இருந்தது. பெயர் வேண்டாம், நிறுவனத்தின் பெயரும் வேண்டாம். சென்னையிலோ பெங்களூரிலோ புனேயிலோ கேம் டெஸ்டிங், ஆர்ட், அனிமேஷன் எதில் இருந்தாலும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், லிங்க் அனுப்புகிறேன்.