சரவணம்பட்டிக்கு அப்பாலா, ஆவாரம்பாளையமா?

2024 மே மாதம் சென்னையிலிருந்து கோவைக்கு மாற்றல் கிடைத்தது. நானே கேட்டு வாங்கியதுதான். ஒன்பது வருடம் மேடவாக்கத்தில் இருந்துவிட்டோம். அம்மா சத்தியமங்கலத்தில் தனியாக இருக்கிறார். வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை அமைந்தது. மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். வீடு பார்க்க எங்களுக்கு இருந்தது மூன்று வாரம்.

கோவையில் ஐ.டி. வேலை என்றால் பெரும்பாலும் இரண்டு திசைதான். ஒன்று பீளமேட்டுக்கு உள்ளே விளாங்குறிச்சி ரோட்டில் இருக்கும் டைடல் பார்க் பக்கம். இன்னொன்று சத்தி (சத்தியமங்கலம்) ரோட்டில் சரவணம்பட்டி, கீரணத்தம் பக்கம். என் ஆபீஸ் சரவணம்பட்டியில். ஆகவே கேள்வி எளிது என்று நினைத்தேன்: ஆபீஸ் பக்கத்திலேயே புறநகரில் இருப்பதா, டவுனுக்குள் இருப்பதா?

இந்தப் 'புறநகர்' என்ற சொல்லே கோவையில் கொஞ்சம் வழுக்கும். சரவணம்பட்டி, காளப்பட்டி, துடியலூர், வடவள்ளி எல்லாம் 2011இல் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டன. 72 வார்டு 100 ஆனது அப்போதுதான். காகிதத்தில் எல்லாம் நகரம். ஆனால் இன்றைக்கும் சரவணம்பட்டிக்காரர் காந்திபுரம் கிளம்பினால் "டவுனுக்குப் போயிட்டு வந்தர்றேனுங்க" என்றுதான் சொல்வார். எது ஊர், எது டவுன் என்று ஜனங்கள் வைத்திருக்கும் கோடு வேறு.

யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. "வடவள்ளில எடு கண்ணு, மருதமலைக் காத்து, ஏ.சி.யே வேண்டாம்" என்றார் மாமா. போய்ப் பார்த்தோம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஜூன் மாதக் காற்று ஜன்னலைப் பிடித்து ஆட்டியது. வீட்டை விட்டு வரவே மனசில்லை. "யானை வருமுன்னு சொல்றாங்களே?" என்று பாதி விளையாட்டாகக் கேட்டேன். "வருமுங்க. ஆனா இந்த வீதிக்கு வராதுங்க" என்று ஓனர் அம்மா நிதானமாகச் சொன்னார். யானைக்கும் அவருக்கும் என்ன ஒப்பந்தமோ. யானையை விடுங்கள், அங்கிருந்து சரவணம்பட்டிக்கு ஊரையே குறுக்கே வெட்டிக்கொண்டு போக வேண்டும். வடவள்ளி கழிந்தது.

ஆர்.எஸ்.புரம், சாயிபாபா காலனியில் வாடகையைக் கேட்டதோடு சரி.

வீடு தேடியதில் எனக்குப் பிடிக்காமல் போனது வாடகையோ புரோக்கரோ அல்ல. "எந்த ஊருங்க?" என்பதில் பேச்சு தொடங்கும். சத்தி என்றால், "சத்தியில எந்தப் பக்கமுங்க? யாரு ஊடு?" அடுத்தது, "அப்பா என்ன பண்ணிட்டிருந்தாங்க?" குரலில் அவ்வளவு மரியாதை. வாய்க்கு வாய் 'ங்க'. சுற்றிச் சுற்றி வந்து கேட்பது ஒன்றைத்தான், என்ன சாதி என்று. இரண்டு இடத்தில் பதில் சொன்ன பிறகு "பையன் வெளிநாட்டுல இருந்து வர்றானுங்க, வீடு தேவைப்படுதுங்க" என்று முடிந்தது. ஒரு மாதம் கழித்தும் அதே வீட்டில் டூ-லெட் போர்டு தொங்கியது. மேடவாக்கத்தில் இந்தக் கேள்வி இல்லாமல் இல்லை. என் சொந்தச் சீமையில் கேட்டபோதுதான் அதிகம் வலித்தது.

கடைசியில் சரவணம்பட்டியைத் தாண்டி, சத்தி ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே ஒரு புது அபார்ட்மெண்ட். மூன்றாவது மாடி, இரண்டு பெட்ரூம், வாடகை 14 ஆயிரம், அட்வான்ஸ் ஒரு லட்சம். பால்கனியில் நின்றால் சோளக்காடு, அதற்கப்பால் சைட் போட்டு நட்ட மஞ்சள் கற்கள். காலையில் மயில் கத்தும். என் ஆபீசுக்கு ஸ்கூட்டியில் 12 நிமிடம். அம்மா சத்தியில் பஸ் ஏறினால் புளியம்பட்டி, அன்னூர், கோவில்பாளையம் வழியாக வந்து டவுனுக்குப் போகாமலே சரவணம்பட்டியில் இறங்கிவிடலாம். இதற்கு மேல் என்ன வேண்டும்?

"இந்த ரோட்டுல மெட்ரோ வருதுங்க, இப்பவே புடிச்சுப் போட்டர்ணும்" என்று புரோக்கர் வேறு சொன்னார். வாடகைக்கு வருகிறவளுக்கு மெட்ரோ வந்தால் வாடகைதான் ஏறும் என்பது அப்போது உறைக்கவில்லை. (அவிநாசி ரோடு, சத்தி ரோடு இரண்டுக்குமான அந்த மெட்ரோ திட்ட அறிக்கையை மத்திய அரசு 2025 நவம்பரில் திருப்பி அனுப்பிவிட்டது.)

கையெழுத்துப் போடும் முன் இரண்டு விஷயத்தைக் கேட்காமல் விட்டேன். ஒன்று கரண்ட். எங்கள் வீட்டுக்குத் தனி இ.பி. இணைப்பு இல்லை, சப்-மீட்டர்தான். யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று ஓனருக்குக் கட்டினோம். தனி இணைப்பாக இருந்தால் அப்போது இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அது எங்களுக்குக் கிடைக்கவே இல்லை. இன்னொன்று தண்ணீர். "நல்ல தண்ணி வருதுங்களா?" என்று கேட்டேன், "வருமுங்க" என்றார்கள். எத்தனை நாளைக்கு ஒரு தரம் என்று கேட்டிருக்க வேண்டும்.

கோவையில் வீட்டு ஓனர்கள் 'சிறுவாணித் தண்ணி' என்பதைத் தங்கப் பல் மாதிரி காட்டுவார்கள். சிறுவாணி மேற்குப் பக்கத்துக்கும் பழைய நகரத்துக்கும் அதிகம். வடக்கிலும் கிழக்கிலும் பில்லூர்த் தண்ணீர்தான், அதுவும் நல்ல தண்ணீர்தான். எங்கள் அபார்ட்மெண்டுக்கு எந்த அணையின் பெயரைச் சொன்னாலும் வந்தது என்னவோ போர்வெல் உப்புத் தண்ணீரும் லாரித் தண்ணீரும். குடிக்கக் கேன். குழாய்களில் வெள்ளை வெள்ளையாகப் படிந்தது. மகளுக்குத் தலைமுடி கொட்டியது என்று நான் சொல்ல, அது சென்னையிலேயே கொட்டியது என்று வீட்டுக்காரர் சொல்ல, அதில் ஒரு வாரம் போனது.

இதெல்லாம் சமாளிக்கிற கஷ்டம்தான். நான் பார்க்காமல் விட்டது வேறு.

வீட்டுக்காரர் தினமும் காலையில் காளப்பட்டி வழியாக அவிநாசி ரோட்டுச் சித்ரா ஸ்டாப் வரை வண்டியில் போவார். அங்கே ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுத் திருப்பூர் பஸ். நீலாம்பூர், கருமத்தம்பட்டி, அவிநாசி, திருப்பூர். அவிநாசி ரோட்டில் அப்போது உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை மேம்பால வேலை நடந்துகொண்டிருந்தது. திரும்பும்போது டவுனிலிருந்து வரும் கூட்டமும் சித்ராவில் சேர்ந்துகொள்ளும். ஷிப்மெண்ட் நாட்களில் அவர் வீடு வந்து சேரப் பதினொன்று ஆகும். ஐப்பசி மழையில் காளப்பட்டி ரோட்டில் நனைந்து வந்து, ரெயின்கோட்டைக் கழற்றாமலே சோபாவில் உட்கார்ந்திருப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். அதுதான் சிரமம். சொல்லியிருந்தால் நான் முன்பே கணக்குப் போட்டிருப்பேன்.

மகளின் பள்ளிக்கூடம் ஆறு கிலோமீட்டர்தான். ஆனால் வேன் ஏழு லேஅவுட் சுற்றி வரும். முதல் ஆளாக ஏற்றி, கடைசி ஆளாக இறக்கும்.

2025 ஜனவரியில் ஒரு பழைய டைரியை எடுத்து, மூன்று பேரும் வாசல்படி தாண்டிய நேரத்தையும் போய்ச் சேர்ந்த நேரத்தையும் எழுத ஆரம்பித்தேன். ஆபீசில் சாஃப்ட்வேரை டெஸ்ட் செய்வது என் வேலை. வீட்டை டெஸ்ட் செய்யாமலே எடுத்திருக்கிறேன் என்று அப்போதுதான் வெட்கமாக இருந்தது. ஒரு மாதம் எழுதினேன். சராசரி இப்படி வந்தது: நான் போக வர 25 நிமிடம். மகள் ஒரு மணி 40 நிமிடம். அவர் நாலு மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் குறைவு. வீடு மொத்தமும் ஒரு நாளைக்கு ரோட்டில் ஆறு மணி நேரம். அதில் என் பங்கு அரைமணி கூட இல்லை. மாற்றல் எனக்கு வந்ததால் வீட்டையும் எனக்காகவே பார்த்திருக்கிறேன். டைரியை அவரிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தனியா பஸ் செலவையும் எழுதியிருக்கலாமே" என்றார்.

அடுத்த தேடலில் வரிசையை மாற்றினோம். முதலில் திருப்பூர் பஸ் நிற்கும் இடமும் ரயில் நிற்கும் இடமும். அவர் கம்பெனி திருப்பூர் ஸ்டேஷனிலிருந்து நடை தூரம். எனவே வடகோவை ஸ்டேஷனுக்கோ லட்சுமி மில்ஸ் ஸ்டாப்புக்கோ பத்து நிமிடத்தில் போக வேண்டும். அடுத்து, நடந்து போகிற தூரத்தில் பள்ளிக்கூடம். என் ஆபீஸ் கடைசியில். வரைபடத்தில் பார்ப்பதையும் நிறுத்தினோம். பிடித்த ஒவ்வொரு வீட்டிலிருந்தும் திங்கட்கிழமை காலை எட்டே முக்காலுக்கு ஒரு தரம், சாயங்காலம் ஆறரைக்கு ஒரு தரம் நிஜமாகவே வண்டி ஓட்டிப் பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமை மதியம் பார்த்தால் எந்த வீடும் பக்கம்தான்.

கணபதியில் ஒரு வீடு கிட்டத்தட்ட முடிந்து, கார் நிறுத்த இடமில்லாமல் தப்பியது. டவுனுக்குள் இருக்கும் ஆவாரம்பாளையத்தில் கிடைத்தது ஒரு பழைய தனி வீட்டின் மாடி. வாடகை 16 ஆயிரம். இடம் முந்தைய வீட்டில் முக்கால் பங்கு. சமையலறையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் கதவுக்கு வெளியேதான். ஆனால் தனி இ.பி. மீட்டர். நல்ல தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு தரம் என்று ஓனரிடம் கேட்கவில்லை, எதிர்வீட்டு ஆயாவிடம் கேட்டேன். மூன்று நாளைக்கு ஒரு தரம், விடியக்காலம் என்று கிழமையோடு சொன்னார்.

இங்கே ஓனர் அம்மா கேட்டது ஒரே கேள்வி: "பொழுதுக்கும் லேத்துச் சத்தம் வருமுங்க அம்மணி, பரவால்லீங்களா?" ஆவாரம்பாளையம், கணபதி, பீளமேடு எல்லாம் மோட்டாரும் பம்பும் கிரைண்டரும் பிறந்த வீதிகள். வீட்டுக்குப் பின்சுவரை ஒட்டி ஒரு லேத் பட்டறை. பரவாயில்லை என்றேன்.

பழைய வீட்டைக் காலி செய்ததில் கை சுட்டது. பெயிண்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொண்டார்கள். 11 மாத அக்ரிமெண்ட்டில் அந்த வரி இருந்தது, நான்தான் படிக்கவில்லை. புது வீட்டுக்கு ஒவ்வொரு வரியாகப் படித்தேன். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது, இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் ஒழிய. அந்த 'ஒழிய' என்கிற சந்தில்தான் ஒரு லட்சமெல்லாம் நுழைகிறது. பேசிப் பேசி ஐந்து மாத வாடகைக்கு இறக்கினோம். கேஸ், ஆதார், பள்ளி மாற்றுச் சான்றிதழ் வேலைகள் அலைச்சலே தவிர வேறொன்றும் இல்லை.

2025 மே கடைசியில் குடி வந்தோம். டைரியைத் திரும்ப எடுத்தேன். மகள் நடந்து போகிறாள், ஒரு நடைக்கு எட்டு நிமிடம். அவருக்கு ரயில் நாட்களில் போக வர இரண்டரை மணி நேரம். சீசன் டிக்கெட் எடுத்துக்கொண்டார். ரயிலைத் தவறவிட்டால் லட்சுமி மில்ஸில் பஸ். அக்டோபரில் மேம்பாலம் ஜி.டி. நாயுடு பெயரில் திறந்த பிறகு, பத்துக் கிலோமீட்டர் பாலத்தின் மேல் போகும் பஸ் கிடைத்தால் அவருக்கு இன்னும் லாபம். எனக்குத்தான் 25 நிமிடம் 80 நிமிடம் ஆனது. கணபதியைத் தாண்டும் வரை சத்தி ரோடு தினமும் என் பொறுமையைச் சோதிக்கிறது. மூன்றையும் கூட்டினால் நாலு மணி நேரம் சொச்சம். தினமும் ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வீட்டுக்கு மிச்சம்.

மயிலை நினைத்துக்கொள்வேன். பால்கனி இருந்த வீட்டில் துணி இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும். இங்கே மொட்டை மாடிக்கு ஓனர் அம்மாவுக்கும் எங்களுக்கும் கிழமை பிரித்திருக்கிறது. மகளுக்கு சைக்கிள் ஓட்ட இடமில்லை. தனியாளாகவோ, இரண்டு பேருக்கும் சரவணம்பட்டியிலேயே வேலையாகவோ இருந்தால் அந்த மூன்றாவது மாடியை நான் விட்டிருக்கவே மாட்டேன், உப்புத் தண்ணீரோடு சேர்த்து.

அம்மாதான் முதலில் முணுமுணுத்தார். "நல்லா சரவணம்பட்டில எறங்கிட்டிருந்தேன், இனிமே கணபதி வரைக்கும் உக்காரோணுமா?" என்றார். போன தை நோம்பிக்கு வந்தவர், மதியச் சாப்பாடு முடிந்ததும் பின்பக்க அறையில், பட்டறைச் சுவரை ஒட்டிப் பாய் போட்டார். லேத் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. ஜன்னலைச் சாத்தப் போனேன். "எதுக்கு சாத்தறே? தெறந்தே கெடக்கட்டும்" என்றார். அம்மா பிறந்தது சோமனூரில், தறிச் சத்தத்துக்கு நடுவில். சாயங்காலம் பட்டறை நின்றபோதுதான் எழுந்தார்.